பாட்டில் இடம்பெறாத வீரம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுக் காலம் ஓர் இலக்கிய அமைப்பு திங்கள் தவறாமல் கூடுவது எளிய செயலன்று. ஆலைகளில் பணிமுறை மாறும் நேரத்தைக் கணக்கிட்டுக் கூட்ட நேரத்தை அமைத்துக்கொண்ட வட்டம் நம்முடையது. இரவுப் பணி முடித்துக் கண் சிவந்து வந்தவர்கள் இங்கே எதுகை மோனைக்காக வழக்காடியிருக்கிறார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கைகள் இங்கே வெண்பாவுக்குத் தளை பார்த்திருக்கின்றன. அத்தகைய அவையில் பேசக் கிடைத்த வாய்ப்பைப் பெரும் பேறாகவே கருதுகிறேன்.

விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு 'தமிழ்க் கவிதையில் வீரம்' என்பது. வெட்சி தொடங்கி வாகை வரையில் திணைகளை விரித்துரைப்பேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அத்திணைகளை நான் விட்டுவிடப் போவதில்லை. ஆயினும் என் உரையைச் சக்கர நாற்காலிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் ஒரு விளையாட்டுத் திடலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

திரும்பி வந்த கவிதை

நம் வட்டத்தின் முதற்கூட்டத்திற்கே வந்து அமர்ந்தவர்களுள் ஒருவர், வெண்பா யாப்பதில் வல்லவர். தம் பெயரைச் சொல்ல வேண்டா என்று கேட்டுக்கொண்டமையால் 'நண்பர்' என்றே குறிப்பிடுகிறேன். தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தப் பணியாளராக இருந்தார். 2019ஆம் ஆண்டில் இரவுப் பணி முடிந்து இருசக்கர வண்டியில் வீடு திரும்பும்போது கண்டெய்னர் லாரி மோதி அவருடைய முதுகுத்தண்டு முறிந்தது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் வரிசைகட்டி நிற்கும் சாலைகளின் ஓரத்தில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. இந்த அவையில் இருப்போருள் அத்தகைய ஒரு செய்தியைக் கேட்டுக் கலங்காத குடும்பம் எத்தனை இருக்கும்?

பெருந்தொற்றுக் காலம் கழிந்து நம் கூட்டங்கள் மீண்டும் தொடங்கியபோது அவர் சக்கர நாற்காலியில் வந்தார். நாம் கூடுவது மாடியில். ஏறிவரப் பத்தொன்பது படிகள். நான்கு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கி வந்தனர். அடுத்த திங்களும் அவ்வாறே தூக்கி வந்தனர். மூன்றாம் திங்கள் அவர் வரவில்லை. உடல்நிலை சரியில்லை போலும் என்று நாம் எண்ணிக்கொண்டோம். எவரும் காரணம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்பதற்கு மாறாக நான் அவரைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். 'சக்கரத்தில் ஒரு சருகு' என்பது அதன் தலைப்பு. அதை ஒரு கவியரங்கில் படித்தேன். அவை கைதட்டியது, சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டனர். மனநிறைவோடு அதனைப் படியெடுத்து, 2024ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இருமுறை படித்தார். பிறகு தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"அக்கா, ஓசை நல்லா வந்திருக்கு. ஆனா பாட்டு முழுக்க நாற்காலிதான் இருக்கு. நான் எங்கயும் இல்லியே" என்றார்.

அவர் சினந்து பேசவில்லை. ஒரு வெண்பாவில் தளை தட்டுவதைச் சுட்டிக்காட்டும் அதே குரலில்தான் சொன்னார். அதனால்தான் அது என்னை அதிகம் சுட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் புதுநகர்த் தெருக்களில் வெள்ளம் புகுந்ததை நீங்கள் அறிவீர்கள். அவரைப் பக்கத்து வீட்டு மாடிக்குத் தூக்கிச் சென்றனர். அங்கே அமர்ந்தபடி, எந்தத் தெருவில் எத்தனை குழந்தைகளுக்குப் பால் வேண்டும், எந்த வீட்டில் முதியவர் தனித்திருக்கிறார் என்று இரவு முழுவதும் கைப்பேசியில் கேட்டுக் கேட்டுப் பட்டியல் எழுதி, உதவிக்கு வந்த இளைஞர்களை வழிநடத்தியவர் அவர். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கவிதையில் அந்த இரவு இல்லை. அவருடைய வெண்பாக்கள் இல்லை. தெருப் பிள்ளைகளுக்கு அவர் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் மாலைகள் இல்லை. சருகு மட்டுமே இருந்தது.

பிறகு அவர் தம் கைப்பேசியை என் பக்கம் திருப்பி, "இதைப் பாருங்க" என்றார். பாரிசு நகரில் நடந்துகொண்டிருந்த பாராலிம்பிக்கின் சக்கர நாற்காலி ரக்பி ஆட்டம் அதில் ஓடிக்கொண்டிருந்தது.

மோதும் நாற்காலிகள்

முதலில் நான் கேட்டது ஓசை. இரும்பும் இரும்பும் மோதும் ஓசை. நாற்காலி ஒன்று பக்கவாட்டில் கவிழ்ந்தது. அதிலிருந்தவர் தரையில் சாய்ந்து கிடந்தார். 'ஐயோ' என்றேன். நண்பர் சிரித்தார். கிடந்தவரை நாற்காலியோடு நிமிர்த்திவிட்டனர். அவர் பந்தை நோக்கி விரைந்தார். ஆட்டம் தொடர்ந்தது.

இந்த ஆட்டம் 1970களின் பிற்பகுதியில் கனடா நாட்டின் வின்னிபெக் நகரில் பிறந்தது. கழுத்தெலும்பு முறிவு போன்றவற்றால் கால்களோடு கைகளும் வலுவிழந்த சிலர் தமக்கெனக் கண்டுபிடித்த ஆட்டம் இது. சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்கு வலுவான கைகள் வேண்டும். அது தமக்கு இயலாதபோது அவர்கள் ஒதுங்கி அமரவில்லை, தமக்கு ஏற்ற ஆட்டத்தைப் படைத்துக்கொண்டனர். தொடக்கத்தில் அதற்குக் 'கொலைப்பந்து' என்று பொருள்படும் பெயரையே சூட்டியிருந்தனர் என்றால் அவர்களுடைய மனநிலையை நீங்கள் உய்த்துணரலாம். 1996இல் அட்லாண்டாவில் காட்சி ஆட்டமாக இடம்பெற்று, 2000இல் சிட்னியில் பதக்கத்திற்குரிய ஆட்டமாயிற்று.

கூடைப்பந்துத் திடலில் அணிக்கு நால்வர் ஆடுவர். பந்தை மடியில் ஏந்திக்கொண்டு எதிரணியின் கோட்டைச் சக்கரங்களால் கடந்தால் ஒரு புள்ளி. நாற்காலியை நாற்காலியால் மோதித் தடுக்கலாம். ஆளை ஆள் தொடக் கூடாது. ஆடவரும் பெண்டிரும் ஒரே அணியில் ஆடுவர்.

இதில் யாப்பறிந்த உங்களைக் கவரக்கூடிய விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு வீரருக்கும் அவருடைய உடல் இயக்கத்தை அளந்து ஓர் எண் கொடுக்கிறார்கள். மிகக் குறைந்த இயக்கம் உடையவருக்கு 0.5. மிகுந்த இயக்கம் உடையவருக்கு 3.5. திடலில் இருக்கும் நால்வரின் எண்களையும் கூட்டினால் 8க்கு மேற்படக் கூடாது. பெண் ஒருவர் ஆடினால் அரை எண் கூடுதலாக இசைவு உண்டு. இதைக் கேட்டதும் எனக்குக் கட்டளைக் கலித்துறைதான் நினைவுக்கு வந்தது. ஒற்று நீக்கி எண்ணினால் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து என்பது நாம் அறிந்த கணக்கன்றோ? சீர்கள் எல்லாம் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. குறுஞ்சீரும் நெடுஞ்சீரும் தத்தம் இடத்தில் நின்று அடியை நிறைக்கின்றன. அவ்வாறே 0.5 எண் பெற்ற வீரர் பந்தைத் தொடாமலே கூட, எதிரணியின் வல்ல வீரரைத் தம் நாற்காலியால் வழிமறித்து நிறுத்தி, தம் அணியின் புள்ளிக்கு வழி திறக்கிறார். அவரை நீக்கிவிட்டால் அடி சிதைந்துபோகும்.

அந்த ஆட்டத்தில் என் நண்பர் விரும்பிப் பார்க்கும் வீரர் ஆஸ்திரேலியாவின் ரைலி பாட். 1989இல் பிறந்தவர். பிறவியிலேயே கால்கள் இல்லை. விரல்கள் ஒட்டியிருந்தமையால் அறுவை செய்து பிரித்தனர். சிறுவராக இருந்தபோது அவர் சக்கர நாற்காலியில் அமர மறுத்து, சறுக்குப் பலகையிலேயே ஊர் சுற்றினாராம். நாற்காலி என்றால் இயலாமையின் அடையாளம் என்று அவரும் கருதியிருக்கிறார். பன்னிரண்டாம் வயதில் இந்த ஆட்டத்தைக் கண்ட பிறகே நாற்காலி அவருக்கு வேறு பொருள் தந்தது. 2004இல் ஏதென்சு பாராலிம்பிக்கில் ஆடியபோது அவருக்கு வயது 15. 2008இல் பெய்சிங்கில் வெள்ளி. 2012இல் இலண்டனில் கனடாவை 66-51 என்று வென்று பொன். அந்த இறுதியாட்டத்தில் 37 புள்ளிகள் அவர் ஒருவருடையவை. 2016இல் ரியோவில் அமெரிக்காவுக்கு எதிராக, கூடுதல் நேரம் இருமுறை நீட்டிக்கப்பட்ட பிறகு 59-58 என்று மீண்டும் பொன். 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் வெண்கலத்திற்கான ஆட்டத்தில் சப்பானிடம் தோற்று நான்காம் இடம். 2024இல் பாரிசில் பிரிட்டனை 50-48 என்று வென்று வெண்கலம்.

இந்த இருபதாண்டுக் கணக்கை நண்பர் சொல்லி முடித்தபோது நான் ஒன்றைக் கவனித்தேன். அவர் பாட் என்பவரின் பிறவியைப் பற்றி ஒரு தொடர்தான் சொன்னார். மற்றவையெல்லாம் ஆட்டம். வெற்றியைச் சொன்ன அதே குரலில் நான்காம் இடத்தையும் சொன்னார். ஒரு வீரரைப் பற்றி அப்படித்தானே பேச வேண்டும்?

சேலத்து இளைஞர்

இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 3ஆம் நாள் இரவு, நள்ளிரவை ஒட்டி நண்பர் என்னை அழைத்தார். "நம்ம மாரியப்பன் தாண்டப் போறார் அக்கா, பாருங்க" என்றார். பார்த்தேன். அதன் பின்னரே, நம் மண்ணிலேயே இப்படி ஒரு வீர வரலாறு இருக்க, அதையும் நான் என் நண்பரைப் பார்த்தவாறே பார்த்திருக்கிறேன் என்பது எனக்கு விளங்கிற்று.

மாரியப்பன் தங்கவேலு 1995இல் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்தவர். ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போகையில் பேருந்து ஏறி வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. அந்தக் கால் பின்னர் வளரவே இல்லை. தாயார் சரோசா செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் பிள்ளைகளைத் தனியே வளர்த்தவர். மகனின் மருத்துவத்திற்காக அவர் பட்ட கடன் மூன்று லட்சம் ரூபாய். இவ்வளவும் நம் எல்லோருக்கும் தெரியும். 2016இல் அவர் பொன் வென்றபோது செய்தித்தாள்கள் எழுதியவையும் மேடைகள் முழங்கியவையும் பெரும்பாலும் இவையே. நானும் என் வகுப்பில் இவற்றையே சொன்னேன். மாணவியர் உருகினர். அவர் எவ்வளவு உயரம் தாண்டினார் என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அந்த நாணத்தை இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன்.

அவர் தாண்டிய உயரம் 1.89 மீட்டர். நம் வீட்டு நிலைப்படியின் உயரத்தை எண்ணிப் பாருங்கள். அதற்குச் சற்றே தாழ்வான ஓர் உயரத்தை, வளராத ஒரு காலை உடன் சுமந்துகொண்டு, ஒரு காலின் உந்துதலால் கடந்தார். உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பாராலிம்பிக் பொன் அது. அதே களத்தில் வருண் சிங் பாட்டி 1.86 தாண்டி வெண்கலம் பெற்றார்.

அந்த உயரம் ஒரு நாளில் வந்ததன்று. பள்ளியில் முதலில் கைப்பந்து ஆடிய சிறுவரிடம் உயரம் தாண்டும் ஆற்றலைக் கண்டவர் ஓர் உடற்பயிற்சி ஆசிரியர். பதினான்காம் வயதில், காலில் குறையில்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றார். 2013இல் தேசியப் போட்டியொன்றில் பயிற்சியாளர் சத்தியநாராயணா அவரைக் கண்டு பெங்களூருக்கு அழைத்துச் சென்றார். சேலத்தில் வணிக மேலாண்மை படித்துக்கொண்டே பயிற்சி. ஓடிவரும் அடிகளின் எண்ணிக்கை, வளையும் கோணம், கால் ஊன்றும் புள்ளி, முதுகு வளையும் நொடி ஆகிய இவற்றையெல்லாம் ஆயிரமாயிரம் முறை திருத்தித் திருத்தி அமைத்துக்கொண்ட உடல் அது. ஓர் அடியைப் பத்து முறை அடித்துத் திருத்தும் பாவலர்களாகிய உங்களுக்கு இந்த உழைப்பை விளக்க வேண்டியதில்லை.

பொன்னோடு கதை முடிந்திருந்தால் அது ஒரு வாழ்த்துப்பாவாக நின்றிருக்கும். வீரர் ஒருவரின் வாழ்க்கை அதன் பின்னரே தொடங்குகிறது. 2019இல் துபாயில் நடந்த உலகப் போட்டியில் அவருக்கு வெண்கலமே கிடைத்தது. 2021இல் டோக்கியோ தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்த வேண்டியவர் அவர். விமானத்தில் உடன்வந்த ஒருவருக்குத் தொற்று இருந்தமையால் தனிமையில் வைக்கப்பட்டார். கொடியை வேறொருவர் ஏந்திச் சென்றார். இறுதிப் போட்டியன்று மழை. வலக்காலில் அணிந்திருந்த காலுறை நனைந்து கனத்தது. அவரும் அமெரிக்காவின் சாம் குரூவும் 1.86ஐக் கடந்துவிட்டனர். 1.88இல் மாரியப்பன் மூன்று முறையும் தவறினார். குரூ மூன்றாம் முயற்சியில் கடந்தார். இரண்டு சென்டிமீட்டரில் பொன் வெள்ளியாயிற்று. ஐந்தாண்டுக்கு முன் அவரே தாண்டிய உயரத்தை விட ஒரு சென்டிமீட்டர் குறைந்த உயரம் அது என்பதை எண்ணும்போது அந்த இரவின் கனம் புரியும். 1.83 தாண்டி வெண்கலம் வென்றவர் பீகாரைச் சேர்ந்த சரத் குமார்.

2024 மே திங்களில் கோபே நகரில் உலகப் போட்டியின் பொன்னை வென்றார். அவ்வாண்டு செப்டம்பரில் பாரிசு. அமெரிக்க இளைஞர் எசுரா பிரெச் 1.94 தாண்டிப் பொன் பெற்றார். சரத் குமாருக்கு 1.88இல் வெள்ளி. நம் மாரியப்பனுக்கு 1.85இல் வெண்கலம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக் போட்டிகளில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் என்ற பெருமை அந்த வெண்கலத்தால் வந்தது.

பொன், வெள்ளி, வெண்கலம் என்று வரிசை இறங்கி வருகிறதே என்று வருந்துவோர் உண்டு. நானும் அன்றிரவு அப்படித்தான் சொன்னேன். நண்பர் என்னைத் திருத்தினார். உயரம் தாண்டுதலில் ஒரு விதி உண்டு. தாண்டத் தாண்டக் கம்பியை உயர்த்திக்கொண்டே போவர், தொடர்ந்து மூன்று முறை தவறியவர் வெளியேறுவார். ஆகவே பொன் வென்றவரும் பெரும்பாலும் கம்பியைத் தட்டிவிட்ட பிறகே களத்தை விட்டு வருகிறார். தோல்வியை முன்பே அறிந்துகொண்டு ஒவ்வொரு முறையும் ஓடத் தொடங்குவதே அந்த விளையாட்டு. இருபத்தொரு வயதில் ஒரு முறை உச்சியைத் தொட்டவர் எட்டாண்டுக் காலம் மீண்டும் மீண்டும் அந்தக் கம்பிக்கு முன் வந்து நின்றாரே, அதுதான் வீரம். ஐந்து வயதில் நேர்ந்தது விபத்து மட்டுமே. வீரத்தை விட்டுவிட்டு விபத்தையே நாம் பாடிக்கொண்டிருந்தோம்.

மரபின் கண்கள்

இனி எனக்குத் தரப்பட்ட தலைப்புக்கு வருகிறேன். தமிழ்க் கவிதை உடலின் புண்ணைக் கூர்ந்து நோக்கிய கவிதை. புண் எங்கே பட்டது என்பதே நமக்கு முதற்கேள்வி. மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் பழி. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருது முதுகிலும் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து உயிர் துறந்தான். கழாத்தலையாரும் வெண்ணிக்குயத்தியாரும் அதைப் பாடினர். போரில் பெற்ற புண்ணுக்கு நம்மிடம் இத்தனை இலக்கணம் உண்டு. சாலையில் பெற்ற புண்ணுக்கு, ஆலையில் பெற்ற புண்ணுக்கு, நோயாலும் பிறப்பாலும் வந்த குறைக்கு நம்மிடம் என்ன துறை இருக்கிறது?

புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்கு உறுதிப்பொருள் உணர்த்துகையில், உடற்குறையோடு பிறந்தோரை 'எச்சம்' என்ற பெயரால் எண்வகையாகத் தொகுத்து, அப்பிறப்பால் பயனில்லை என்ற பழைய கருத்தை எடுத்துக்காட்டுகிறார். நம் மரபின் பெருமைகளைச் சொல்லும் நாம் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மரபின் மறுபக்கமும் உண்டு. கண்ணில்லாத ஒருவரின் தோளில் காலில்லாத ஒருவர் அமர்ந்து ஊர் ஊராகச் சென்று பாடிய இரட்டைப் புலவர்களை நாம் அறிவோம். ஒருவர் பாட்டின் முற்பாதியைத் தொடங்க மற்றவர் பிற்பாதியை முடிப்பாராம். தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் தந்தவை. எண்களைக் கூட்டி அணி அமைக்கும் ரக்பி விதியைக் கண்டபோது எனக்கு இவர்கள் நினைவும் வந்தது. ஆயினும் நம் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவரை ஒருவர் சுமந்த கதையைச் சொல்வார்கள், கலம்பகத்தைச் சொல்லமாட்டார்கள். சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ் பாடிய வீரராகவ முதலியாரை அந்தகக்கவி என்றே வழங்குகிறோம். அவர் இயற்றியதற்கு முன்னால் அவர் இழந்தது வந்து நிற்கிறது.

2010ஆம் ஆண்டில் தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விலக்கி 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை ஆட்சிமொழியில் நிறுத்தியது. நல்ல மாற்றம். எனினும் சொல்லை மாற்றிய நாம் பார்வையை மாற்றினோமா? நம் கவிதைகளில் அவர்கள் இரண்டே வடிவில் வருகிறார்கள். ஒன்று, இரங்கத்தக்கவர். மற்றொன்று, வியக்கத்தக்கவர். இரங்கும்போது கீழே குனிந்து பார்க்கிறோம், வியக்கும்போது மேலே நிமிர்ந்து பார்க்கிறோம். நேரே பார்ப்பது எப்போது?

பத்தொன்பது படிகள்

திருக்குறளில் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரம் உண்டு. பொறி இல்லாமை எவர்க்கும் பழியாகாது, அறிய வேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழி என்ற கருத்தை வள்ளுவர் அங்கே சொல்கிறார். 'பொறி' என்பதற்கு விதி என்று பரிமேலழகர் உரை கண்டார். உடலுறுப்பு என்று கொள்வாரும் உளர். எந்தப் பொருள் கொண்டாலும், இந்தக் குறளை நாம் வழக்கமாக ஒரு பக்கமே திருப்பிக் காட்டுகிறோம். காலிழந்தவரைப் பார்த்து, 'முயன்றால் முடியும், மாரியப்பனைப் பார்' என்கிறோம். என் நண்பரிடம் நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

முயலாமை யாருடையது என்று இன்று கேட்டுப் பார்க்கிறேன். வெண்பா எழுதுகிறார், வெள்ளத்தில் ஊர் காக்கிறார், பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பிக்கிறார், நான் திருந்தும் வரை எனக்குப் பொறுமையாக விளையாட்டு விதி சொல்லித் தருகிறார். அவரிடம் ஆள்வினைக்குக் குறைவில்லை. பொது இடங்கள் எல்லோரும் சென்றடையத் தக்கனவாக இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வலியுறுத்துகிறது. சட்டம் இருக்கட்டும். நம்மோடு முதற்கூட்டத்தில் அமர்ந்த ஒருவர் ஏன் வருவதில்லை என்று எத்தனையோ திங்களாகக் கேட்காமலிருந்தோமே, அந்த முயலாமை நம்முடையது. வள்ளுவர் சொன்ன பழி நம்மைத்தான் சாரும்.

தூக்கிச் செல்ல நாங்கள் நால்வர் இருக்கிறோமே என்று அன்புள்ள நண்பர்கள் சொல்லக் கூடும். அவர்களுடைய தோள்களை வணங்குகிறேன். ஆனால் இதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கூட்டத்திற்கு வரும்போது நால்வரைத் தேட வேண்டும், இடையில் எழுந்து போக விரும்பினால் நால்வரின் இசைவு வேண்டும், ஒரு பாவலரின் கவிதையைக் கடுமையாகத் திறனாய்வு செய்துவிட்டு அவருடைய தோளிலேயே இறங்க வேண்டும். அப்படியிருக்க ஒருவர் எவ்வாறு மனம் திறந்து பேசுவார்? மாரியப்பனை யாரும் கம்பிக்கு மேலே தூக்கிவிடவில்லை. ஓடிவரச் சமமான தரையும் விழுந்தால் தாங்கும் மெத்தையும் அமைத்துக் கொடுத்தனர். தாண்டியது அவர்.

எனவே இந்த நிறைவு விழாவில் அவையின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். அடுத்த திங்கள் முதல் நம் கூட்டம் தரைத்தளத்தில் நடக்கட்டும். வாயிலில் இருக்கும் இரண்டு படிகளுக்கு ஒரு சாய்தளம் அமைப்போம். செலவில் ஒரு பங்கை நான் ஏற்கிறேன். தரைத்தளம் சிறியது, வெப்பம் மிகுந்தது, லாரிகளின் இரைச்சல் கேட்கும் என்பதை அறிவேன். இரைச்சலை மீறிக் கேட்கும்படி நாம் பாடுவோம்.

இன்னொரு செய்தி. இம்மலரில் என் 'சக்கரத்தில் ஒரு சருகு' கவிதையைச் சேர்க்க அமைப்பாளர்கள் விரும்பினர். வேண்டா என்று கேட்டுக்கொண்டேன். அதற்கு மாறாக, மிக்ஜாம் புயலின் அந்த இரவைப் பற்றி வெண்பாக்கள் சில எழுதியிருக்கிறேன். பட்டியல் எழுதிய ஒருவர் அவற்றில் இருக்கிறார். நாற்காலி ஒரே ஓர் இடத்தில் வருகிறது, அவர் அமர்ந்திருந்தார் என்பதைச் சொல்வதற்காக மட்டும்.

அடுத்த திங்கள் அவற்றைத் தரைத்தளத்தில் படிக்க எண்ணுகிறேன். நண்பர் வருவாரா என்று எனக்குத் தெரியாது. அழைப்பை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். வந்தால், மூன்றாம் வெண்பாவின் ஈற்றடியில் தளை தட்டுவதைக் கட்டாயம் கண்டுபிடித்துவிடுவார். திருத்திக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறேன்.